சீலிங்ல ஒரு வெள்ளைத் திட்டு

1

இந்தக் கதை யாரால வந்துச்சுன்னு முதல்லயே சொல்லிடறேன். சித்தப்பாவால.

"பையன் வெளிநாட்டுல என்ன வேலை பாக்கறான்?"னு அவர் கேட்டாராம். அம்மா "கேமரா வேலை"ன்னு சொல்லியிருக்காங்க. உடனே அவரு, "அப்ப நம்ம பொண்ணு கல்யாணத்துக்கு அவனையே வரச் சொல்லிடலாமே, ஆல்பத்தை வெளிய எதுக்குக் கொடுக்கணும்"னுட்டாராம். அம்மாவும் "அதுக்கென்ன, சொல்லிட்டாப் போச்சு"ன்னு தலையாட்டிட்டு வந்திருக்காங்க.

அம்மா, என் கேமராவுல கல்யாணப் பொண்ணை எடுத்தா நெத்தி வெள்ளையா வரும், மூக்கு நுனி நீலமா வரும், போட்டிருக்கற நகை மொத்தமும் கறுப்பா வரும். அவ்வளவு நகையையும் கறுப்பாக்கினா சித்தப்பா என்னை உசுரோட விடுவாரா?

இதை விளக்கி ஒரு பக்கம் அனுப்பினேன். அக்கா பதில் போட்டா: "ஒரு எழவும் புரியல. கதையா சொல்லு. அம்மாவுக்கு அப்பதான் மண்டையில ஏறும்."

சரி, கதை. வண்டிக்குள்ள உக்காந்து நான் பேசறேன், போன் எழுதிக்கிட்டே வருது. ஒவ்வொரு துண்டா அனுப்பறேன். அக்கா சத்தமா படிப்பா. அம்மா கேப்பாங்க. அப்பா பேப்பர் பாக்கற மாதிரி உக்காந்துக்கிட்டு எல்லாத்தையும் கேப்பாரு.

[அக்கா, சதுர அடைப்பை மட்டும் விரலால போடறேன். அடைப்புக்குள்ள வர்றது உனக்கு மட்டும். அம்மாவுக்குப் படிக்காத. இருமற மாதிரி ஏதாவது பண்ணிட்டுத் தாண்டிப் போயிடு.]

2

ஆரம்பம், முதல் முயற்சி: "பனி மூடிய ஒரு காலைப் பொழுதில் ஓர் இளைஞன் தன் எதிர்காலத்தை நோக்கி—"

வேணாம். பனியெல்லாம் இல்ல. இளைஞன்னு சொன்னா யாரோ மாதிரி இருக்கு.

ரெண்டாவது: "அவனுக்குச் சின்ன வயசுலேருந்தே சுவருக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கற ஆசை—"

பச்சைப் பொய். சின்ன வயசுல அவனுக்கு இருந்த ஒரே ஆசை, தன் பங்கைத் தின்னுட்டு அக்கா பங்கையும் சேத்துத் தின்னணுங்கறது.

மூணாவது: ஒரு ஊர்ல ஒரு சீலிங் இருந்துச்சு.

இது பரவாயில்ல. இதையே வெச்சுக்குவோம்.

ஒரு ஊர்ல ஒரு சீலிங் இருந்துச்சு. நல்ல உயரம். அந்தக் காலத்துல கனமா பூசின பூச்சு. அதுக்குக் கீழ ஒரு பெரிய கூடம். வேலைக்குப் போற அப்பா அம்மாங்க பிள்ளைங்களைக் கொண்டுவந்து விட்டுட்டுப் போற காப்பகம் அது. மத்தியானம் சாப்பிட்டதும் அத்தனை பேரும் அந்தக் கூடத்துல வரிசையாப் படுத்துத் தூங்குவாங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒரு குட்டி மெத்தை. ஒண்ணுல முயல், ஒண்ணுல ஆமை, ஒண்ணுல என்னன்னே சொல்ல முடியாத ஏதோ ஒண்ணு. நாயா இருக்கலாம். பன்றியாவும் இருக்கலாம்.

மழை நேரத்துல மேல தண்ணி ஒழுகியிருக்கு. ஒழுகலை அடைச்சாங்க. சாரம் கட்டி, கறை தெரியாம பெயிண்ட் அடிச்சாங்க. சாரத்தைப் பிரிச்சு எடுத்துட்டும் போயிட்டாங்க. நாளைக்குக் காலையில திறக்கணும். அதுக்கு முன்னாடி, "பெயிண்ட்ல கை படாம உள்ள எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க"ன்னு ஒரு கம்பெனியைக் கூப்பிட்டாங்க. கம்பெனி ரெண்டு பேரை அனுப்புச்சு. ஒருத்தர் சூப்பர்வைசர். இன்னொருத்தன் அவன்.

அவனுக்குப் பேர் வெக்கல. பேர் வெச்சா அக்கா சிரிப்பா.

கேமராவைப் பத்தி. (கொஞ்சம் பாடம். அப்பாவுக்காக.) பள்ளிக்கூடத்துல அகச்சிவப்புக் கதிர்னு படிச்சிருப்பீங்க. கண்ணுக்குத் தெரியாது, ஆனா சூடா இருக்கற எதுலேருந்தும் வந்துக்கிட்டே இருக்கும். இந்தக் கேமரா அதைத்தான் படமாக்குது. சூடு கூடின இடம் வெள்ளை, குறையக் குறைய நீலம், ரொம்பக் குறைஞ்ச இடம் கறுப்பு. எல்லாரும் நினைக்கற மாதிரி இது சுவருக்குள்ள எட்டிப் பாக்காது. மேல்தோல்ல எங்க எவ்வளவு சூடு, அவ்வளவுதான். ஜுரம்னா அம்மா நெத்தியில கை வெச்சுப் பாப்பாங்கல்ல? உள்ள போயா பாக்கறாங்க? மேல தொட்டுட்டு உள்ள இருக்கறதைச் சொல்லிடறாங்க. அம்மா கைக்கு ஒரு திரை வெச்சா அதுதான் இந்தக் கேமரா.

ஒரே ஒரு சங்கடம். எல்லா இடமும் ஒரே சூட்டுல இருந்தா இது மண்ணு மாதிரி நிக்கும், ஒண்ணும் சொல்லாது. அதனால கூடத்துல ஹீட்டர் போட்டுச் சூடேத்தணும். பூச்சு கெட்டியாப் பிடிச்சிருக்கற இடத்துல சூடு மேல கான்கிரீட்டுக்குப் போயிடும். பூச்சு விட்டுப்போன இடத்துல, நடுவுல காத்து. சூடு போக வழியில்லாம தோல்லயே நிக்கும். அந்த இடம் மட்டும் சீக்கிரம் வெள்ளையாகும். அப்புறம் ஹீட்டரை நிறுத்தினா, அதே இடம் மத்ததை விட சீக்கிரம் ஆறி, கறுப்பாகும்.

சூடேறும்போது வெள்ளை, ஆறும்போது கறுப்பு. ரெண்டும் ஒரே இடத்துல வந்தா, உள்ள ஒட்டு விட்டாச்சு, பூச்சு எப்ப வேணா கீழ விழலாம்னு அர்த்தம். இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. கதையே இதுலதான் நிக்குது.

3

காலையில ஹீட்டரைப் போட்டாங்க. கூடம் சூடாச்சு. அவன் கேமராவைத் தூக்கினான்.

ஜன்னல் பக்கத்து மூலையில ஒரு வெள்ளைத் திட்டு. ஒரு கட்டில் அகலம் இருக்கும். ஓரம் கிழிஞ்ச துணி மாதிரி. வெறுங்கண்ணால பாத்தா அங்க ஒண்ணுமே இல்ல, புதுப் பெயிண்ட் பளிச்சுன்னு இருக்கு.

"அண்ணே, இங்க ஒரு திட்டு."

சூப்பர்வைசர் திரையைப் பாத்தாரு. சீலிங்கைப் பாத்தாரு. அப்புறம் அவனைப் பாத்தாரு.

"கொதிப்பு, ஹீட்டர் எங்க இருக்கு?"

"அதுக்கு நேர் கீழதான்ணே."

"ஹீட்டர் ஊதற இடத்துல சூடு இல்லாம ஐஸ்கட்டியா இருக்கும்?"

"இல்லண்ணே, ஓரத்தைப் பாருங்க, காத்து அடிச்சா இப்படி—"

"ஓரம் எனக்கும் தெரியுது தம்பி. நாளைக்குத் திறக்கறாங்க. திரும்ப சாரம் கட்டணும்னு சொல்லப்போறியா? நல்லா யோசிச்சுக்கோ. இந்தத் தடவை மூஞ்சி கிஞ்சி ஏதும் தெரியலையே?"

பக்கத்துல மெத்தைகளை எண்ணிக்கிட்டிருந்த காப்பக மேடம் நிமிந்து பாத்தாங்க. "மூஞ்சியா? என்ன மூஞ்சி?"

"ஒண்ணும் இல்லங்க மேடம். எங்களுக்குள்ள ஒரு தமாஷ்."

குறிப்பு: அந்தத் தமாஷைச் சொல்லாம இந்தக் கதை நகராது. ஏன் அவனைக் கொதிப்புன்னு கூப்பிடறாங்க?

அவன் வேலைக்குச் சேந்த புதுசு. ஒரு தொழிற்சாலையில கரண்ட் பேனலைப் பாக்கப் போனாங்க. உள்ள எங்கயாவது ஒயர் லூசா இருந்தா அந்த இடம் சூடாகும், கேமராவுல தெரியும். பேனல் முன்னாடி ஒரு பளபளப்பான தகடு. அந்தத் தகட்டுல, நடுவுல, உருண்டையா ஒரு வெள்ளை. அவனுக்கு வேர்த்துப்போச்சு. படம் கலங்கக்கூடாதுன்னு, சொல்லிக்கொடுத்த மாதிரியே மூச்சைப் பிடிச்சு அசையாம நின்னான். அசையாம நின்னதுதான் தப்பாப் போச்சு. "தீப்பிடிக்கப் போகுது, நிறுத்துங்க, நிறுத்துங்க"ன்னு அவன் போட்ட கத்துல மொத்த மிஷினும் நின்னுச்சு. ஆளுங்க வெளிய ஓடினாங்க. பேனலைத் திறந்து பாத்தா உள்ள ஜில்லுன்னு இருக்கு.

சூப்பர்வைசர் சொன்னாரு: "ரெண்டடி தள்ளி நில்லு."

தள்ளி நின்னான். வெள்ளையும் ரெண்டடி தள்ளி நின்னுச்சு.

பளபளப்பான உலோகம் இந்தக் கேமராவுக்குக் கண்ணாடி மாதிரி. அவன் கண்டுபிடிச்சது அவன் மூஞ்சியைத்தான். சொந்த மூஞ்சியைப் பாத்து ஊரைக் கூட்டினவன். அன்னியிலேருந்து கொதிப்பு. "கொதிப்பு வந்தாச்சா, யாராவது ஓடணுமா?"

[அக்கா, இருமு. அன்னைக்கு ஆபீஸ்ல என்னை அனுப்பிடறதாத்தான் இருந்தாங்க. அவனை. அவனை அனுப்பறதாத்தான் இருந்தாங்க. சூப்பர்வைசர் பேசி நிறுத்தினாரு. "இன்னொரு தடவை இல்லாததை இருக்குன்னு சொன்னா நானும் பேச முடியாது"ன்னு சொல்லிட்டாரு. இந்த நாட்டுல இருக்கறதுக்கு அவன்கிட்ட இருக்கற அனுமதியே இந்த வேலையை வெச்சுத்தான். வேலை போனா பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். வீட்டுல சொல்லல. சொன்னா அம்மா தூங்க மாட்டாங்க.]

4

இந்த இடத்துல எனக்கு ஒரு பிரச்சினை. கதைக்கு ஒரு வில்லன் வேணும். சூப்பர்வைசரை வில்லனாக்கிடலாம்னு பாத்தேன்.

"சூப்பர்வைசரின் உதட்டில் ஒரு குரூரப் புன்னகை—"

அவருக்குப் புன்னகையே வராது. பல்வலி. ஒரு பக்கமா மென்னுக்கிட்டுத் திரியறாரு.

"அந்தக் கல்நெஞ்சக்காரர்—"

அவன் வந்த புதுசுல குளிருக்கு ஒண்ணும் இல்லாம நின்னப்ப, தன் மேல்சட்டையைக் கழட்டிக் கொடுத்துட்டு, "எனக்கு வேர்க்குது"ன்னு பொய் சொன்ன மனுஷன். அவரை எப்படிக் கல்நெஞ்சுன்னு எழுதறது? அந்தச் சட்டை இப்பவும் எனக்கு, அவனுக்கு, தொளதொளன்னு இருக்கு. அவன் அதை இன்னும் திருப்பிக் கொடுக்கல. அவரும் கேக்கல.

வில்லன் கேன்சல். அவரும் பயந்துதான் இருக்காரு. அவனுக்காகப் பேசினவர் அவர்தான். அவன் இன்னொரு தடவை தப்பாச் சொன்னா, அவர் வார்த்தைக்கும் மரியாதை போயிடும்.

இப்பதான் அக்காகிட்டேருந்து பதில் வந்துச்சு. படிச்சுக் காட்டறேன்:

"அம்மா கேக்கறாங்க, அந்தக் கதையில வர்ற அவன் மத்தியானம் சாப்பிட்டானான்னு."

அம்மா, அது கதை. கற்பனை ஆளு.

மறுபடியும் அக்கா: "கற்பனை ஆளுன்னா பசிக்காதான்னு கேக்கறாங்க."

அப்பா தனியா ஒண்ணு போட்டிருக்காரு. "சரி." அவ்வளவுதான். எதுக்குச் சரின்னு அவருக்குத்தான் தெரியும்.

சாப்பிட்டான். ரொட்டியும் வாழைப்பழமும். போதுமா?

[சாப்பிடல அக்கா. இறங்கல.]

5

முடிவுகள். மூணு வெச்சிருக்கேன். எது பிடிக்குதோ எடுத்துக்கோங்க.

முதல் முடிவு: சூப்பர்வைசர் சொன்னது சரி. ஹீட்டர் காத்துதான். அவன் "எல்லாம் நல்லா இருக்கு"ன்னு சொல்லிடறான். காப்பகம் திறக்குது. ஒண்ணும் விழல. அவன் மட்டும் மழை பெய்யறப்பல்லாம் அந்தத் தெருவுல ஒரு தடவை நடந்து, ஜன்னல் வழியா எட்டிப் பாத்துட்டுப் போறான். ஒரு நாள் மேடம் பிடிச்சுக்கிட்டு, "யாருப்பா நீ, இங்க என்ன எட்டிப் பாக்கற?"ன்னு போலீஸைக் கூப்பிடறாங்க. (இது சிரிப்பா முடியுது. ஆனா அவனுக்குச் சிரிப்பு வராது.)

ரெண்டாவது முடிவு: "பூச்சு விட்டிருக்கு"ன்னு அவன் சொல்றான். சாரம் வருது, பெயிண்ட் கெடுது, பாத்தா உள்ள கல்லு மாதிரி இருக்கு. அவன் ஊருக்குத் திரும்பறான். சித்தப்பா பொண்ணு கல்யாணத்துல கேமராவோட நிக்கறான். எல்லார் மூக்கும் நீலம்.

மூணாவது முடிவு: அவன் "நல்லா இருக்கு"ன்னு சொல்றான். ஒரு மத்தியானம், பிள்ளைங்க எல்லாம் தூங்கிக்கிட்டிருக்கறப்ப, ஜன்னல் பக்கத்து மூலையில, முயல் மெத்தையில படுத்திருக்கற—

இந்த வரி இப்படியே கிடக்கட்டும். என்னால முடிக்க முடியல. அழிக்கவும் முடியல.

நீங்க கேப்பீங்க, கதை எழுதறவன்தானே நீ, எதாவது ஒண்ணை முடிவு பண்ணித் தொலைக்க வேண்டியதுதானேன்னு. இவ்வளவு நேரம் நான் உங்களை ஏமாத்திக்கிட்டிருக்கேன். எனக்கு முடிவு தெரியாது. ஏன்னா அந்தச் சீலிங் இன்னும் ஆறல.

ஆமா. கதை இன்னைக்குத்தான் நடக்குது. இப்பத்தான். சூப்பர்வைசர் பல்வலிக்கு மாத்திரை வாங்கப் போனதும், அவன் ஹீட்டரைத் தள்ளிக்கிட்டுப் போய் எதிர் மூலையில வெச்சான். மறுபடி சூடேத்தினான். திட்டு அங்கயே வெள்ளையாத்தான் நின்னுச்சு. அப்புறம் ஹீட்டரை நிறுத்தி, ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு, ஆறட்டும்னு வண்டிக்கு வந்து உக்காந்தான். கை சும்மா இருக்க மாட்டேங்குது. அதான் போனை எடுத்து உங்களுக்குக் கதை சொல்ல ஆரம்பிச்சான்.

இருங்க. சூப்பர்வைசர் தெரு முனையில வர்றாரு. போய்ப் பாத்துட்டு வந்துடறேன்.

6

வந்துட்டேன். மூச்சு வாங்குது, எழுத்து தப்புத்தப்பா வந்தா அக்கா திருத்திப் படி.

உள்ள போனா மேடம் மெத்தைகளை விரிச்சுக்கிட்டிருந்தாங்க. பாதிக் கூடம் விரிச்சாச்சு. ஜன்னல் மூலையில முயலும் ஆமையும்.

"சார், முடிஞ்சுதுங்களா? எல்லாருக்கும் நாளைக்கு வாங்கன்னு சொல்லிடலாமா?"

"ஒரு நிமிஷம்ங்க மேடம்."

கேமராவைத் தூக்கினான். காலையில வெள்ளையா இருந்த இடம் இப்பக் கறுப்பு. அதே கிழிஞ்ச ஓரம். சூப்பர்வைசர் அவன் தோளுக்குப் பின்னாடி வந்து நின்னு பாத்தாரு.

"ஜன்னல் திறந்திருக்கு. காத்து அடிச்சு அந்த மூலை சீக்கிரம் ஆறியிருக்கும்"னாரு. ஆனா காலையில இருந்த குரல் இல்ல அது. என்னைச் சமாதானப்படுத்தற குரல். இல்ல, அவரையே.

அவன் ரெண்டடி தள்ளி நின்னான்.

இல்ல. நான் தள்ளி நின்னேன்.

அம்மா, அது நான்தான். உங்களுக்கு எப்பவோ தெரியும், எனக்குத்தான் வாய் வரல. நான் ரெண்டடி தள்ளி நின்னேன். அது நகரல. இந்தப் பக்கம் வந்து நின்னேன், அப்பவும் நகரல. அது என் மூஞ்சி இல்ல. ஹீட்டர் இல்ல. ஜன்னலை ஒண்ணொண்ணாச் சாத்திப் பாத்தேன், காத்தும் இல்ல. அது சீலிங்லதான் இருக்கு.

"அண்ணே, கம்பால தட்டிப் பாத்துடலாம்"னேன்.

"பெயிண்ட்ல ஒரு கோடு விழுந்துச்சுன்னா? தொடாம பாக்கறதுக்குத்தான் நம்மளைக் கூப்பிட்டிருக்காங்க. உள்ள நல்லா இருந்துச்சுன்னா, புதுச் சீலிங்கைக் குத்தினவன்னு ரெண்டாவது தடவையும் உன் பேர்தான் ஆபீஸுக்குப் போகும்."

"தெரியும்ணே."

"தெரிஞ்சா சரி. கம்பு வண்டியில இருக்கு." அதைச் சொல்லிட்டுத் திரும்பி நின்னுக்கிட்டாரு.

அதுக்குத்தான் வண்டிக்கு வந்தேன்.

அக்கா, மேல அடைப்புக்குள்ள நான் போட்டதையெல்லாம் இப்ப அம்மாவுக்குப் படிச்சுக் காட்டு. இருமாத. ஆமாம்மா, வேலை போகலாம். ஆமா, நான் சாப்பிடல. ஆமா, இவ்வளவு நாளா "நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்"னு சொன்னேன். எப்பவும் ஒரே மாதிரி சொன்னா என் கேமராவாலயே ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது, நீங்க மட்டும் எப்படியோ கண்டுபிடிச்சிருக்கீங்க.

7

கம்பை எடுத்துட்டேன். உள்ள போறேன். போனைச் சட்டைப் பையில போடறேன், அது பாட்டுக்கு எழுதட்டும்.

ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. பூச்சு பிடிச்சிருந்தா கம்பு பட்டதும் "டக்"குன்னு கெட்டியாக் கேக்கும். விட்டிருந்தா பானையைத் தட்டின மாதிரி "டொப்"புன்னு கேக்கும். ஆனா இந்த போன் பேச்சை மட்டும்தான் எழுதும். தட்டற சத்தத்தை எழுதாது. அதனால முடிவு வர்ற இடம் உங்களுக்கு வெறுமையாத்தான் வரும். அந்த இடத்துல எந்தச் சத்தத்தைப் போடறதுங்கறதை அதுக்கப்புறம் நாங்க பேசறதை வெச்சு நீங்களே சொல்லுங்க.

போறேன்.

மேடம், அந்த முயல் மெத்தையையும் ஆமை மெத்தையையும் கொஞ்சம் இந்தப் பக்கம் இழுத்துக்கறீங்களா? நீங்களும் இப்படி வந்துடுங்க.

ஏன் சார், என்ன பண்ணப்போறீங்க? ஐயோ, கம்பா? பெயிண்ட் காஞ்சே ரெண்டு நாள்தானே ஆச்சு, சார், நீங்க சொல்லுங்க இவர்கிட்ட—

விடுங்க மேடம். தட்டட்டும். கோடு விழுந்தா நான் பதில் சொல்லிக்கறேன்.

அண்ணே, நீங்க எதுக்கு—

பேசாம தட்டு. நேர் கீழ நிக்காத. ஓரமா நின்னுக்கோ.

சரிண்ணே. தட்டறேன்.

 

 

தம்பி.

சொல்லுங்கண்ணே.

மேடத்தைக் கதவுக்கு வெளிய போய் நிக்கச் சொல்லு. சொல்லிட்டு, இன்னொரு தடவை தட்டு.